பின்பக்கத்திலிருந்து படியுங்கள்: சிகரெட் பெட்டிக்குள் வந்த பேஸ்பால் அட்டைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஓர் அட்டை 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அகலம் நம் தீப்பெட்டி அளவு, நீளம் அதைவிட ஒரு விரற்கடை கூடுதல். ஆரஞ்சு நிறப் பின்னணியில் நடுவகிடு எடுத்த ஒரு மனிதரின் முகம். பெயர் ஹோனஸ் வாக்னர், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஆட்டக்காரர். இப்படி ஒரு விற்பனை நடக்கும்போதெல்லாம் நாளிதழ்கள் அந்த முகத்தைப் பெரிதாகப் போடுகின்றன. பின்பக்கத்தை யாரும் போடுவதில்லை. அங்கே இருப்பது ஒரு சிகரெட்டின் பெயர்.

அட்டையை அச்சடிக்கக் காசு கொடுத்தவர்களைக் கேட்டால், அதுதான் முன்பக்கம் என்று சொல்லியிருப்பார்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப்போகிறது. பேஸ்பால் விதிகள் உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. எனக்கே அரைகுறையாகத்தான் தெரியும். 1880களிலிருந்து 1910களின் தொடக்கம் வரை வந்த ஒரு புகையிலை அட்டை கையிலோ திரையிலோ கிடைத்தால் அதை எந்த வரிசையில் பார்ப்பது, எங்கே நிற்பது, எதை நம்பக் கூடாது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

தொடங்கும் முன்: காசு கொடுக்காமல் அட்டை எடுங்கள்

வாங்கிவிட்டுக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். அந்தக் கதை பின்னால் வருகிறது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பெஞ்சமின் கே. எட்வர்ட்ஸ் என்பவர் சேர்த்த சுமார் 2,100 அட்டைகள் இருக்கின்றன. 1887 முதல் 1914 வரை வெளிவந்தவை. எல்லாவற்றையும் நூலகத்தின் இணையதளத்தில் பெரிய அளவில் இலவசமாகப் பார்க்கலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்னொரு குவியல் இருக்கிறது. அது ஜெபர்சன் பர்டிக் என்ற தனிமனிதர் கொடுத்தது.

பர்டிக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வரும் எழுத்துகளும் எண்களும் அவர் வைத்தவை. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரத்துக்காரர், பெரிய பணக்காரர் அல்லர், கடுமையான மூட்டுவாதக்காரர். சிகரெட் அட்டை, மிட்டாய் அட்டை, வாழ்த்து அட்டை என்று பிறர் குப்பையில் போட்டதையெல்லாம் சேர்த்தார். வெறுமனே சேர்க்காமல் வகைப்படுத்தி, பெயரிட்டு, பட்டியல் நூலாகவும் வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு 'என்', 20ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு 'டி', ஆரம்பகால மிட்டாய் அட்டைக்கு 'இ'. சேகரிப்பாளர்கள் இன்றும் 'டி206' என்று சொன்னால் அது பர்டிக் போட்ட எண்தான். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட காகிதங்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, வருடக்கணக்காக அங்கே உட்கார்ந்து வலிக்கும் விரல்களால் ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார். இரண்டே மாதத்தில் இறந்துபோனார்.

ஆக, நாடாளுமன்ற நூலகத்தின் தளத்திலிருந்து ஏதாவது ஓர் அட்டையின் இரு பக்கப் படங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அளவிலிருந்து தொடங்குங்கள்

படத்தைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். 1887 முதல் 1890 வரை வந்த 'ஓல்டு ஜட்ஜ்' அட்டை (என்172) சுமார் 3.7 சென்டிமீட்டர் அகலம், 6.4 நீளம். ஆலன் அண்டு ஜின்டர் நிறுவனத்தின் 'உலக சாம்பியன்கள்' (என்28) 3.8க்கு 7. வாக்னர் அட்டை வந்த டி206 வரிசை சுமார் 3.7க்கு 6.7. இவை ஏன் இவ்வளவு சின்னவை, ஏன் ஏறத்தாழ ஒரே அளவு? பத்து சிகரெட் வைக்கும் சின்னப் பெட்டிக்குள் எவ்வளவு இடம் இருக்குமோ, அந்த அளவு.

அன்றைய சிகரெட் உறை மெல்லிய காகிதம். சட்டைப்பையில் போட்டு உட்கார்ந்து எழுந்தால் உள்ளே இருப்பது நசுங்கிவிடும். அதனால் உள்ளே ஒரு விறைப்பான அட்டைத் துண்டை வைத்தார்கள். முதலில் அது வெறும் முட்டுக்கொடுப்பு. எப்படியும் வைக்கப்போகிற அட்டையில் எதையாவது அச்சடித்தால் என்ன என்று யாருக்கோ தோன்றிய நொடியில் பிறந்ததுதான் இந்தச் சரக்கு.

பெரிய அட்டை கண்ணில் பட்டால் அதற்குத் தனிக் காரணம் இருக்கும். 'டர்க்கி ரெட்' படங்கள் (டி3, 1910–11) 20 சென்டிமீட்டர் நீளம் கொண்டவை. அவை பெட்டிக்குள் வந்தவை அல்ல. பெட்டிக்குள் வந்த கூப்பன்களைச் சேர்த்து அஞ்சலில் அனுப்பியவர்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவை. ஒரு படத்துக்குப் பல பெட்டி சிகரெட் என்பதுதான் அதன் பொருள்.

படி 2: ஏன் இந்தத் தவிப்பு என்று கேளுங்கள்

அளவு சிகரெட் பெட்டியால் வந்தது, சரி. ஆனால் ஒரு சிகரெட் வியாபாரி ஏன் இலவசப் படம் கொடுக்கவேண்டும்? இதற்கு விடை தெரியாமல் மேலே போனால் அட்டை வெறும் பழம்பொருளாகவே நின்றுவிடும்.

1880க்கு முன் சிகரெட் கையால் சுருட்டப்பட்டது. நம் ஊர் பீடி போலவே, வேகமான விரல்கள்தான் முதலீடு. தேர்ந்த கை நிமிடத்துக்கு நான்கு சுருட்டும். வர்ஜீனியாவின் ரிச்மண்டில் இருந்த ஆலன் அண்டு ஜின்டர் நிறுவனம், இதற்கு ஓர் இயந்திரம் கண்டுபிடிப்பவருக்கு 75,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. ஜேம்ஸ் பான்சாக் என்ற இளைஞர் செய்துகொண்டு வந்தார். 1881இல் காப்புரிமையும் பெற்றார். அவருடைய இயந்திரம் நன்றாக ஓடினால் பத்து மணி நேரத்தில் 1,20,000 சிகரெட். நிமிடத்துக்கு 200. ஆனால் பரிசு அறிவித்த நிறுவனமே இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டது.

அதைப் பிடித்துக்கொண்டவர் வட கரோலினாவின் டர்ஹாம் ஊர்க்காரர் ஜேம்ஸ் பியூக்கனன் டியூக். 1884இல் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தார். சிகரெட் மலையாகக் குவிந்தது. குடிக்க ஆள் வேண்டுமே? அன்றைய அமெரிக்கர்களில் பெரும்பாலோர் புகையிலையை மென்றார்கள், பைப்பில் பிடித்தார்கள், சுருட்டுக் குடித்தார்கள். சிகரெட் என்பது பட்டணத்து இளைஞர்களின் புதுப்பழக்கம். ஒரு நாட்டையே அதற்குப் பழக்கவேண்டும். 1889 ஒரே ஆண்டில் டியூக் விளம்பரத்துக்குச் செலவிட்டது எட்டு லட்சம் டாலர். நடிகைகள், அரசர்கள், பறவைகள், கொடிகள், குத்துச்சண்டைக்காரர்கள் என்று அட்டையில் ஏறாத விஷயமே இல்லை. பேஸ்பால் அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான். நடிகைகளின் படங்கள் எல்லை மீறியபோது டியூக்கின் தந்தை வாஷிங்டன் டியூக்கே 1894இல் மகனுக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தார்.

ஆக, உங்கள் கையில் இருக்கும் அட்டை பேஸ்பால் மோகத்தால் பிறந்ததல்ல. சுருட்ட ஆள் தேவைப்படாத இயந்திரத்தின் உபரியால் பிறந்தது.

படி 3: இப்போது திருப்புங்கள்

பின்பக்கம். மெதுவாகப் படியுங்கள்; இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிடவேண்டிய இடம் இது.

ஆலன் அண்டு ஜின்டரின் 1887ஆம் ஆண்டு அட்டையாக இருந்தால் பின்னால் ஒரு பட்டியல் இருக்கும். ஐம்பது பெயர்கள்: பேஸ்பால் ஆட்டக்காரர்கள் பத்துப் பேர், அதோடு படகு வலிப்போர், மல்லர்கள், குத்துச்சண்டை வீரர்கள், துப்பாக்கி சுடுவோர், பில்லியர்ட்ஸ் ஆடுவோர். துப்பாக்கிக்காரர்களில் ஆனி ஓக்லி என்ற பெண்ணும் உண்டு. இந்தப் பட்டியல் தகவலுக்காகப் போட்டதல்ல. உன்னிடம் ஒன்று இருக்கிறது, இன்னும் நாற்பத்தொன்பது பாக்கி என்று சொல்லும் கடன் சீட்டு அது. பத்து பேஸ்பால்காரர்களுக்காக வாங்க ஆரம்பித்தவர் பில்லியர்ட்ஸ்காரர் வரை வாங்கித் தீர்க்கவேண்டும்.

டி206 பின்பக்கம் இதற்கு நேர் எதிர். அட்டைக்கு எண் கிடையாது, பட்டியலும் கிடையாது. 'பேஸ்பால் வரிசை, 150 படங்கள்' என்று ஒரே ஒரு வரி. யார் யார் அந்த 150 என்று சொல்லவில்லை. 150 படம் என்பது 150 ஆட்களும் அல்ல; டை காப் என்ற ஒரே ஆட்டக்காரருக்கு இந்த வரிசையில் நான்கு வெவ்வேறு படங்கள். எது பாக்கி என்று தெரியாதவன் எப்போது நிறுத்துவான்? என்னைக் கேட்டால், பட்டியல் கொடுத்த தந்திரத்தைவிடப் பட்டியல் கொடுக்காத தந்திரம் கெட்டிக்காரத்தனமானது. பிறகு அந்த வரி '350 படங்கள்' என்று மாறியது. அதற்கும் பிறகு '350–460'. ஒரு வழியாக முடிக்கப்போகிறோம் என்று எண்ணிக்கொண்டிருந்த பையனின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

பையன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சிகரெட் வாங்கியவர்கள் பெரியவர்கள். அட்டையைத் தேடியவர்கள் சிறுவர்கள். புகையிலைக் கடை வாசலில் நின்றுகொண்டு, வெளியே வருகிறவர்களிடம் படம் கேட்டு நச்சரிப்பது அந்தக் காலத்து அமெரிக்கத் தெருக்களின் வழக்கமான காட்சி. அப்பா எந்த சிகரெட் பிடிக்கவேண்டும் என்பதில் பத்து வயது மகனுக்கும் ஒரு கருத்து இருந்திருக்கும். தீப்பெட்டிப் படங்களுக்காகத் தெருத்தெருவாக அலைந்த நம் தலைமுறைக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இந்த '150', '350', '460' வரியே உங்களுக்குக் காலக் கணக்கும் ஆகும். 150 என்றால் 1909இல் தொடங்கிய முதல் அச்சு. 350 என்றால் பெரும்பாலும் 1910. 460 என்றால் 1910–11.

படி 4: பிராண்டும் தொழிற்சாலை எண்ணும்

'150 படங்கள்' போன்ற அந்த வரிக்குக் கீழே சிகரெட்டின் பெயர் பெரிதாக இருக்கும். டி206 அட்டைகள் ஒரே முகப்புப் படத்தோடு பதினாறு பிராண்டுகளின் பெயரில் வந்தன. பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல், போலார் பேர், சாவரின், ஓல்டு மில், டால்ஸ்டாய், சைக்கிள், ஹிந்து, டிரம், லெனாக்ஸ், உசிட் என்று பெயர்கள் போகின்றன. ரஷ்யாவில் டால்ஸ்டாய் அப்போது உயிரோடு இருந்தார். புகையிலைக்கு எதிராகவே எழுதியவர். விளம்பரக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

எல்லாப் பெயருக்கும் பின்னால் ஒரே கை. 1890இல் டியூக் தன் நிறுவனத்தோடு ஆலன் அண்டு ஜின்டர், கின்னி, கிம்பல், குட்வின் ஆகிய போட்டியாளர்களையும் சேர்த்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியை உருவாக்கினார். அமெரிக்க சிகரெட் விற்பனையில் ஏறத்தாழ 90 விழுக்காடு அதன் கைக்குள் வந்தது. அட்டைகளுக்கு அதனால் நேர்ந்தது என்ன தெரியுமா? ஓரிரு தொகுப்புகளைத் தவிர, 1890களில் பேஸ்பால் அட்டையே ஏறக்குறைய நின்றுபோயிற்று. எதிரியே இல்லாதபோது படம் எதற்கு? அட்டையில் 1890களின் ஆட்டக்காரர் யாராவது கண்ணில் பட்டால் சற்று நின்று சரிபாருங்கள், ஏனென்றால் அந்தப் பத்தாண்டு ஏறத்தாழ வெற்றிடம்.

இங்கே நமக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. 1901இல் டியூக் பிரிட்டனுக்குள் நுழைந்து லிவர்பூலின் ஆக்டன்ஸ் நிறுவனத்தை வாங்கினார். மிரண்டுபோன பிரிட்டிஷ் நிறுவனங்கள் ஒன்றுகூடி இம்பீரியல் டொபாக்கோவை அமைத்தன. அடுத்த ஆண்டு இரு தரப்பும் சமாதானமாகி, மற்ற நாடுகளில் சேர்ந்து வியாபாரம் செய்ய பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவைத் தொடங்கின. அந்த வழியில்தான் 1910இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆப் இந்தியா உருவானது. இன்றைய ஐடிசி அதுதான். டி206 வரிசை அமெரிக்காவில் அச்சாகிக்கொண்டிருந்த அதே ஆண்டு.

மீண்டும் அட்டைக்கு. அடியில் பொடி எழுத்தில் 'தொழிற்சாலை எண் 25, இரண்டாம் வட்டம், வர்ஜீனியா' என்பதுபோல ஒரு வரி இருக்கும். இது அமெரிக்க வரிச்சட்டத்தின் கைரேகை. எந்தத் தொழிற்சாலையில், எந்த வருவாய் வட்டத்தில் கட்டியது என்று புகையிலைப் பொட்டலத்தில் காட்டவேண்டும். அட்டையும் பொட்டலத்தின் ஒரு பகுதிதான். 'ஸ்வீட் கேப்போரல்' அட்டைகளில் நியூயார்க்கின் 30, 649, வர்ஜீனியாவின் 25, வட கரோலினாவின் 42 என்று எண் மாறும். இந்த எண்களை மட்டுமே வைத்து வரிசை வரிசையாகத் தேடிச் சேர்க்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. முன்னால் யார் முகம் இருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. நான் அவர்கள் பக்கம்தான்.

படி 5: இனி முகத்தைப் பார்க்கலாம்

முதலில் கேட்கவேண்டியது: இது ஒளிப்படமா, வரைந்து அச்சிட்டதா?

ஓல்டு ஜட்ஜ் என்றால் உண்மையான ஒளிப்படம். பழுப்பு நிறச் சிறு படத்தை அட்டையில் ஒட்டியிருப்பார்கள். நியூயார்க்கின் குட்வின் நிறுவனம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலைகளில் வெளியிட்டது. பல படங்கள் புரூக்ளினில் ஜோசப் ஹால் என்பவரின் ஸ்டூடியோவில் எடுத்தவை. அன்றைய கேமராவில் ஓடும் ஆளைப் பிடிக்க முடியாது. அதனால் ஆட்டக்காரர்கள் ஸ்டூடியோவுக்குள் நின்று நடித்தார்கள். உற்றுப் பாருங்கள்: பந்து காற்றில் நிற்கும், அதற்கு மேலே மெல்லிய நூல் ஒன்று தொங்கும். தரைவிரிப்பின் மேல் படுத்துக்கொண்டு ஒருவர் 'சறுக்கி' வருவார். திரைச்சீலையில் வரைந்த மரங்களுக்கு முன்னால் அத்தனை கம்பீரமாகக் கையை நீட்டிப் பந்தைப் பிடிப்பார். நம் பழைய ஸ்டூடியோக்களில் தாஜ்மகால் திரைக்கு முன் நின்ற தாத்தாக்களின் அதே முகபாவம். இந்த நூலைத் தேடிக் கண்டுபிடிப்பதில் நான் செலவழித்த இரவுகளுக்குக் கணக்கில்லை. சில ஓல்டு ஜட்ஜ் படங்கள் வெளிறி, இளஞ்சிவப்பாகிவிட்டிருக்கும். அது பழுது, ஆனால் போலியின் அடையாளம் அல்ல.

அதே 1887இல் பக்னர் நிறுவனம் 'கோல்டு காயின்' என்ற மெல்லும் புகையிலையோடு வண்ண அட்டைகள் கொடுத்தது. அதில் ஒரே ஓவியம் பல ஆட்டக்காரர்களுக்கு வரும். ஓர் ஊர்க்காரருக்கு வரைந்த அதே மீசைக்கார உருவத்தில் சட்டையை மாற்றி இன்னொரு ஊர்க்காரரின் பெயரைப் போட்டுவிடுவார்கள். ஆள் யாராக இருந்தாலென்ன, பொட்டலம் விற்றால் போதும்.

டி206 முகப்பு கல்லச்சு. ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக அச்சேற்றியது. வாக்னரின் முகம் பாஸ்டன் நகர ஒளிப்படக்காரர் கார்ல் ஹார்னர் எடுத்த படத்திலிருந்து வந்தது. அவர் மார்பில் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் கடைசி எழுத்து இல்லாமல் இருக்கும். அது அச்சுப்பிழை இல்லை. அந்தக் காலத்தில் அப்படி எழுதுவது அரசாங்க வழக்கமாகவே இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முகப்பில் சிகரெட்டின் பெயர் எங்கும் இல்லை. வெள்ளை ஓரம், படம், அடியில் பழுப்பு மையில் பெயரும் ஊரும். 1880களில் படத்துக்குள்ளேயே பிராண்டின் பெயரை எழுதியவர்கள், 1909இல் அதை அப்படியே பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். காரணம் எளிது: ஒரே முகப்பை அடித்து, பின்னால் மட்டும் பதினாறு பெயர்களை மாற்றி மாற்றிப் போடலாம். விளம்பரம் அடக்கமாகிவிடவில்லை, சிக்கனமாகியது.

படி 6: அந்த ஒரு மறுப்பு

வாக்னர் அட்டை ஏன் அரிது? ஐம்பது, அறுபதுதான் இருப்பதாகத் தெரிகிறது. மற்ற டி206 அட்டைகளில் பெரும்பாலானவை ஏராளமாகக் கிடைக்கின்றன. அவர் தன் படத்தைச் சிகரெட்டோடு கொடுக்க ஒப்பவில்லை, அச்சு பாதியில் நின்றது என்பதுதான் விடை. சிறுவர்கள் புகைபிடிக்கப் பழகக் கூடாது என்பதால் மறுத்தார் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். காசு சரியாகக் கொடுக்கவில்லை என்பதால் மறுத்தார் என்று மறுபக்கம். வாக்னர் தானே புகையிலை மென்றவர் என்பதைச் சொல்லி இரண்டாம் பக்கத்தார் சிரிப்பார்கள்.

என் பார்வையில் உருப்படியான சான்று 1912இல் 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' இதழில் வந்த செய்தி. வாக்னரிடம் சம்மதம் வாங்கித்தரும்படி சிகரெட்காரர்கள் பிட்ஸ்பர்க் பத்திரிகையாளர் ஜான் க்ரூபரை அணுகியிருந்தார்கள். வாங்கித்தந்தால் அவருக்குப் பத்து டாலர். வாக்னர் அவருக்கு எழுதிய பதிலில், தன் படம் சிகரெட்டோடு போவதில் தனக்கு விருப்பமில்லை, ஆனால் உங்களுக்கு நஷ்டம் வரக்கூடாது என்று சொல்லி, பத்து டாலருக்குத் தானே ஒரு காசோலை வைத்து அனுப்பினாராம். க்ரூபர் அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். காசுக்காக மறுத்த மனிதர் கையிலிருந்து காசு கொடுப்பாரா என்பது என் கேள்வி. மெல்லுவது ஒன்று, தன் முகத்தால் விற்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆள் வேறுவேறாக நினைக்க முடியும்.

படி 7: முன்னும் பின்னும் பொருந்துகிறதா?

இனி துப்பறியும் வேலை. ஒவ்வொரு முகப்பும் எல்லாப் பின்பக்கத்தோடும் வந்துவிடவில்லை. பிலடெல்பியா அணியின் ஷெரி மகீயின் பெயரை டி206இல் முதலில் ஓர் எழுத்து பிசகி அச்சிட்டுவிட்டார்கள், உடனே திருத்தினார்கள். பிழையுள்ள அட்டை 'பீட்மான்ட் 150' பின்பக்கத்தோடு மட்டும்தான் வெளிவந்தது. அதேபோல, பேஸ்பாலில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரு பெரும் போட்டித் தொடர்கள் உண்டு; நியூயார்க்கின் ஜோ டாயில் ஆடியது அமெரிக்கன் லீக்கில். அச்சுக்காரர்கள் இன்னொரு டாயிலோடு குழப்பிக்கொண்டு நேஷனல் லீக் என்று போட்டுவிட்டார்கள். அந்தப் பிழை 'பீட்மான்ட் 350' பின்பக்கத்தோடு மட்டுமே உண்டு. வாக்னர் பெரும்பாலும் 'ஸ்வீட் கேப்போரல்', மிகச் சிலவே 'பீட்மான்ட்'. எனவே எழுத்துப்பிழை கொண்ட மகீயை யாராவது ஸ்வீட் கேப்போரல் பின்பக்கத்தோடு நீட்டினால், முகப்பு எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். போலி செய்பவர்கள் முகத்தில்தான் உழைக்கிறார்கள். மாட்டிக்கொள்வது முதுகில்.

படி 8: பூதக்கண்ணாடியும் ஊதா விளக்கும்

இப்போது என் கதை. சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து டி206 அட்டை ஒன்றை வாங்கினேன். பெரிய ஆட்டக்காரர் இல்லை, விலையும் பெரிதில்லை. மூலைகள் மழுங்கி, பழுப்பேறி, பார்க்கவே மனம் உருகும் நிலையில் இருந்தது. ஒரு வாரம் மேசையிலேயே வைத்திருந்தேன். பிறகு தெருமுனை மளிகைக்கடையில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்குக்குக் கீழே விளையாட்டாகக் காட்டினேன். அட்டை நீலவெள்ளையாக ஜொலித்தது. கடைக்காரர், "இது செல்லாது சார்" என்றார்.

காரணம் இதுதான். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு காகிதத்தை வெளுப்பாகக் காட்ட ஒருவகை ரசாயனம் சேர்க்கிறார்கள். புற ஊதா ஒளியில் அது ஒளிரும். 1909இன் காகிதத்தில் அது இருக்க வழியில்லை, மந்தமாகத்தான் தெரியும். ஒளிர்ந்தால் போலிதான், சந்தேகமே வேண்டாம். ஒளிரவில்லை என்பதால் மட்டும் அசல் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது, ஏனென்றால் பழைய காகிதத்திலும் போலி அடிக்கலாம்.

அடுத்தது பூதக்கண்ணாடி. பத்து மடங்கு பெருக்கும் சிறு கண்ணாடி போதும். அடியில் உள்ள பெயரைப் பாருங்கள். அசலில் எழுத்துகள் ஒரே மையில், உடையாமல், திடமாக இருக்கும். மறுஅச்சில் எழுத்தே நுண்புள்ளிகளால் ஆனதாக, ஓரம் சிதறித் தெரியும். படத்திலும் அப்படியே: கல்லச்சில் புள்ளிகள் கையால் வைத்ததுபோல ஒழுங்கில்லாமல் இருக்கும், இன்றைய அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் சதுரங்கக் கட்டம்போல ஒழுங்காக அடுக்கி நிற்கும். பின்பக்கத்தில் ஏதாவது ஓரிடம் சுரண்டியிருந்தால் அங்கே 'மறுஅச்சு' என்ற சொல் இருந்திருக்கலாம். ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் யாரோ டீயில் நனைத்திருப்பார்கள். என் அட்டையை முகர்ந்து பார்த்திருக்கவேண்டும்.

பிறகு ஓரங்கள். பழைய அட்டையின் தேய்ந்த மூலைகளை மறைக்க ஓரத்தைச் சீவிவிடுவது பழைய வித்தை. இதில் ஏமாந்தவர்களில் நான் சின்ன ஆள். 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் உரிமையாளர் புரூஸ் மக்னாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்த வாக்னர் அட்டை, உலகிலேயே நல்ல நிலையில் உள்ள வாக்னர் என்று தரச்சான்றும் பெற்றது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்கு விலைபோனது. அந்த அட்டையின் ஓரங்களைத் தானே சீவியதாக, முன்பு அதை விற்ற வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். அதனால்தான் முதல் படியிலேயே அளவெடுக்கச் சொன்னேன். ஆனால் அசல் அட்டைகளும் வெட்டும்போதே ஒரு மயிரிழை கூடக் குறைய வந்தவைதான். ஆகவே அளவோடு ஓரத்தின் தன்மையையும் சேர்த்துப் பாருங்கள். நூறாண்டு பழைய முகத்தில் நேற்று வெட்டியதுபோன்ற கூர்மையான ஓரம் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வரி: பெயர் தெரியாத ஆட்டக்காரர், மோசமான நிலை, அதிகம் கிடைக்கும் பீட்மான்ட் பின்பக்கம், தரச்சான்று நிறுவனத்தின் உறைக்குள். நூறு டாலருக்குள் கிடைக்கும்.

படி 9: அட்டை நின்ற இடம்

கடைசியாக, உங்கள் அட்டை இந்தக் காலக்கோட்டின் எந்த முனையில் நிற்கிறது என்று பாருங்கள். 1911இல் வந்த தங்க ஓர வரிசையில் (டி205) பின்பக்கம் மாறிவிட்டது. ஆட்டக்காரரின் சிறு வரலாறும் ஆட்டக் கணக்கும் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டன. சிகரெட்டின் பெயர் ஒரு மூலைக்கு ஒதுங்கத் தொடங்கியது. பின்னாளில் மிட்டாயோடும் சூயிங்கத்தோடும் வந்த அட்டைகள் இந்தப் பின்பக்கத்தைத்தான் பின்பற்றின.

அதே ஆண்டு மே 29ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அமெரிக்கன் டொபாக்கோவை உடைக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. நிறுவனம் சிதறியது. அதிலிருந்து வெளியே வந்தவற்றில் ஒன்று ஆர். ஜே. ரெனால்ட்ஸ். அது 1913இல் 'கேமல்' சிகரெட்டைக் கொண்டுவந்தது. ஒட்டகமும் பிரமிடும் போட்ட அந்தப் பெட்டிக்குள் அட்டையும் இல்லை, கூப்பனும் இல்லை. இந்தப் புகையிலைக் கலவைக்கு ஆகும் செலவில் பரிசுப்பொருள் கொடுக்க இயலாது, தேடவேண்டாம் என்று அச்சிட்டிருந்தார்கள், பெட்டியின் பின்பக்கத்தில்.